போட்ட பெல்ட் கழன்ற கார்: டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சீட் பெல்ட் பற்றி யார் புகார் கொடுத்தாலும் விற்றவர் தரப்பிலிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நீங்கள் சரியாகப் போட்டிருக்க மாட்டீர்கள்." தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டு வேலையில் இருப்பதால் இந்தப் பதிலைக் கடிதத்திலும் போனிலும் நேரிலும் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன். பிரேக் சரியில்லை என்றால் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம், ஏசி சரியில்லை என்றால் கையை நீட்டினாலே தெரிந்துவிடும். பெல்ட் விஷயம் அப்படியில்லை. அதற்கு உண்மையான வேலை வருவதே எப்போதோ ஒரு நொடி, அந்த நொடியில் என்ன நடந்தது என்பதற்கு ஓட்டியவரைத் தவிர வேறு சாட்சியும் இருக்காது. அதனால் பழி சுலபமாக ஓட்டியவர் தலையில் விழுந்துவிடுகிறது.

அந்தப் பழியைத் திருப்பி அனுப்ப முடிந்த ஒரு கேஸைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் எந்தக் கம்பெனி, விற்ற இடம் எது என்று சொல்லப்போவதில்லை. காரைச் செய்தவர்கள் மேல் இதில் தப்பு எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் போகப்போகத் தெரியும்.

நடந்தது

காருக்குச் சொந்தக்காரர் டோங்காட்டில் இருக்கும் ஓர் அக்கா. கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே அங்கே இருக்கும் குடும்பம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறார், பாட்டியிடம் கற்ற தமிழை விடாமல் பேசுகிறவர். ஓய்வுப் பணத்தில் 2023இல் டர்பனில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் ஐந்து கதவு பெட்ரோல் கார் ஒன்றை ரொக்கமாக வாங்கினார். நான்கு வருடம் ஓடிய வண்டி. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று புதிதாக எடுத்த ரோட்வொர்த்தி சான்றிதழ், சர்வீஸ் புத்தகம், பதிவுப் பத்திரத்தில் 'கோட் 2', எல்லாம் கையில் கொடுத்தார்கள். இந்த ஊர்க் கணக்கில் கோட் 1 என்றால் புது வண்டி, கோட் 2 சாதாரணப் பழைய வண்டி, கோட் 3 அடிபட்டுத் திரும்பக் கட்டிய வண்டி, 3ஏ என்றால் பாகங்களுக்கு மட்டும், கோட் 4 நசுக்கிப் போட வேண்டியது. ஆக, பத்திரத்தின்படி இது ஒரு குறையும் இல்லாத கார்.

வாங்கி நாலாவது மாதம். என்2 நெடுஞ்சாலையில் டர்பனை நோக்கி வந்துகொண்டிருந்தவர், மவுண்ட் எட்ஜ்கோம் தாண்டும்போது முன்னால் போன பக்கியிலிருந்து (பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டி) ஒரு மெத்தை சாலையில் விழுந்ததைப் பார்த்துப் பிரேக்கை முழுசாக மிதித்திருக்கிறார். எதிலும் மோதவில்லை. ஆனால் பெல்ட் பக்கிளிலிருந்து கழன்று, உடம்பு முன்னால் போய் ஸ்டியரிங்கில் நெஞ்சு அடித்தது. மோதல் இல்லாத வெறும் பிரேக்கிங்கில் ஏர்பேக் வெடிக்காது, அதனால் அதுவும் குறுக்கே வரவில்லை. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் சொன்னார்கள், ஆனாலும் நெஞ்சு நடுவில் நீலம் பாய்ந்த தடம் பல நாள் இருந்தது. பின்சீட்டில் இரண்டு வயதுப் பேத்தி, குழந்தை இருக்கையில். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம் என்று 2015 ஏப்ரல் 30 முதல் இங்கே சட்டம். அந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் காரின் பின்பக்கப் பெல்ட்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அக்கா எனக்குப் போன் செய்தபோது சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். "தம்பி, க்ளிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. லைட்டும் அணைஞ்சுது. அப்புறம் எப்படிக் கழலும்?"

இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது கஷ்டம். 'பெல்ட் சரியில்லை' என்று மட்டும் ஒருவர் சொன்னால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. சத்தம் வந்ததா, விளக்கு அணைந்ததா, கழன்றது பக்கிள் பக்கமா, மேலே தூண் பக்கமா, பெல்ட் பக்கிளில் இருந்தபடியே தளர்ந்து ஓடியதா, இப்படி நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பக்கிளுக்குள் என்ன இருக்கிறது

வெளியே தெரிவது ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் சிவப்புப் பட்டனும். உள்ளே ஒரு இரும்புச் சட்டம், அதில் குறுக்கே விழும் ஒரு தாழ்ப்பாள், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், இன்னொரு ஸ்பிரிங் எதிர்ப்பக்கமாக. நாம் செருகும் உலோக நாக்கு உள்ளே போகும்போது அந்த இரண்டாவது ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டே போகிறது, கடைசிவரை போனதும் தாழ்ப்பாள் நாக்கின் ஓட்டைக்குள் விழுகிறது. பட்டனை அமுக்கினால் நாக்கு துள்ளி வெளியே வருவது அந்த இரண்டாவது ஸ்பிரிங்கால்தான். எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்சும் இதே பெட்டிக்குள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பல பக்கிள்களில் அந்தச் சுவிட்சு பார்ப்பது நாக்கு உள்ளே வந்ததா என்பதைத்தான், தாழ்ப்பாள் முழுசாக விழுந்ததா என்பதை அல்ல. தாழ்ப்பாள் அரைகுறையாக விழுந்து நின்றாலும் சத்தம் வரும், விளக்கு அணையும், லேசாக இழுத்துப் பார்த்தால் பிடித்திருப்பது போலவே இருக்கும். பலமாக இழுத்தால் வந்துவிடும். அரை லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பார்த்தோம். நாக்கை வேகமாகச் செருகினால் ஒழுங்காகப் பிடித்தது. மெதுவாகச் செருகினால், அதாவது வயதானவர்கள் கழுத்தைத் திருப்பி இடுப்புப் பக்கம் தடவிச் செருகுவார்களே அந்த மாதிரி, கால் இஞ்சு குறைவாகவே நின்றது. க்ளிக் சத்தம் உண்டு. சொல்லிவைத்த மாதிரி விளக்கும் அணைந்தது. தோள் பக்கப் பட்டையைப் பிடித்து நான் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்ததும் நாக்கு கையோடு வந்தது. ஒவ்வொரு முறையும் வரவில்லை, ஆனால் வந்தது. அக்கா மகன் போனில் வீடியோ எடுத்தார்: விளக்கு, கை, பக்கிள் மூன்றும் ஒரே ஃபிரேமில் தெரிகிற மாதிரி, வெட்டாமல் ஒட்டாமல். இந்த வீடியோதான் பின்னால் கேஸைத் தூக்கி நிறுத்தியது.

பக்கிளைப் பிரித்துப் பார்க்கலாமா என்று அவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். நாமே பிரித்துவிட்டால் நாளைக்கு "நீங்கள் பிரித்ததால்தான் கெட்டுப்போனது" என்று சொல்லிவிடுவார்கள், அதற்குப் பதில் சொல்ல வழி இருக்காது. விற்றவருக்கு ஈமெயிலில் தேதி, நேரம், வொர்க்‌ஷாப் முகவரி போட்டு, இந்த நாளில் பக்கிளையும் பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் ரிட்ராக்டரையும் பிரிக்கப்போகிறோம், உங்கள் ஆளை அனுப்புங்கள் என்று எழுதினோம். யாரும் வரவில்லை. வராததும் ஒரு பதிவுதான்.

வண்டல்

பக்கிளைத் திறந்ததும் தெரிந்தது சாம்பல் நிறப் பொடி. கடல் மணல் கரகரவென்று இருக்கும், வீட்டுத் தூசி பஞ்சாக ஒட்டும், இது இரண்டும் இல்லை. விரலில் தேய்த்தால் மாவாகப் பூசிக்கொள்ளும், ஆற்று வண்டல் காய்ந்தால் வருவது. தாழ்ப்பாள் சறுக்கும் இரண்டு பக்கத் தடத்திலும் அப்பியிருந்தது. ஸ்பிரிங்கில் துரு. தாழ்ப்பாள் வேகமாகத் தட்டப்பட்டால் அந்தப் பொடியை மீறி விழுகிறது, மெதுவாகப் போனால் நடுவழியில் நின்றுவிடுகிறது. அக்கா சொன்னதற்கும் வீடியோவில் பார்த்ததற்கும் இரும்பில் இருந்த காரணம் இதுதான்.

அப்புறம் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தோம். அன்றாடம் இழுக்கும் நீளத்துக்கு அப்பால், எப்போதும் சுருளிலேயே கிடக்கும் கடைசிப் பகுதியில், பட்டைக்குக் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. வெளியே தெரியும் பகுதியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள், சுருளுக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். முன், பின் கதவுகளுக்கு நடுவில் இருக்கும் தூணின் மூடியைக் கழற்றினால் அதன் உள்பக்கத்திலும் அதே உயரத்தில் கோடு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருக்கும், ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர்களுக்கு மஞ்சள்தான் போடுவார்கள், அதில் பச்சை பூத்திருந்தது. இந்தக் கார் சீட் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்றிருக்கிறது.

டர்பன்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழை. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வீடுகளும் பாலங்களும் மலைச்சரிவோடு போயின. ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்தது. அங்கே நனைந்துபோன ஆயிரக்கணக்கான புதுக் கார்களை விற்காமல் அழிப்பதாகக் கம்பெனி முடிவெடுத்தது, அந்த முடிவு சரி. ஆனால் வீட்டு வாசலிலும் ஆற்றோரத்திலும் மூழ்கிய சாதாரண ஜனங்களின் கார்களுக்கு அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை. காப்பீடு இருந்தவை 'ரைட் ஆஃப்' ஆகி, அதாவது பழுது பார்க்க லாயக்கில்லை என்று காப்பீட்டுக் கம்பெனி கணக்கை முடித்து, ஏலத்துக்குப் போயின. காப்பீடு இல்லாதவை, அதாவது இந்த நாட்டில் ஓடும் கார்களில் பாதிக்கும் மேலே, எந்தக் கணக்கிலும் ஏறாமல் காய வைத்து, கழுவி, வாசனை அடித்து, கைமாறிக்கொண்டே போயின. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கம் ஒரு விஐஎன் தேடல் வசதி வைத்திருக்கிறது, இலவசம், காரின் விஐஎன் என்ற அடையாள எண்ணைப் போட்டால் ரைட் ஆஃப் ஆன வண்டியா என்று பார்க்கலாம். அக்காவின் காரைப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. அதை வைத்து வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது. அந்தப் பட்டியலில் இருப்பது காப்பீட்டுக் கம்பெனிகள் கைக்கு வந்த கார்கள் மட்டும்தான். வாங்கும் முன்பே தேடியிருந்தாலும் அக்காவுக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

பின்பக்கப் பெல்ட்களையும் இழுத்தோம். பேத்தியின் இருக்கையைப் பிடித்திருந்த பெல்ட்டிலும் கோடு. அதைப் பார்த்தபிறகு அக்கா அந்தக் காரில் ஏறவே இல்லை.

ரிட்ராக்டரில் ஒரு பிசகு

பழைய கார் பார்க்கப் போகும் எல்லோரும் பெல்ட்டைச் சட்டென்று ஒரு இழுப்பு இழுத்து, அது பிடித்துக்கொண்டால் "பெல்ட் ஓகே" என்று சொல்லிவிடுகிறார்கள். ரிட்ராக்டருக்குள் பூட்டும் வழி இரண்டு உண்டு. பட்டை வேகமாக இழுபட்டால் பூட்டுவது ஒன்று, கையால் இழுக்கும்போது வேலை செய்வது அதுதான். இன்னொன்று கார் திடீரென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ பூட்டுவது. ஒரு சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குண்டு உருண்டு மேலே ஏறி ஒரு நெம்புகோலைப் பல்சக்கரத்துக்குள் தள்ளும். விபத்தில் முதலில் வேலை செய்ய வேண்டியது இந்தக் குண்டுதான். கிண்ணத்தில் வண்டல் உறைந்தால் குண்டு உருளாது, கையால் இழுத்துப் பார்க்கிறவருக்கோ எல்லாம் சரியாகவே தெரியும். அக்காவின் காரில் ஓட்டுநர் பக்க ரிட்ராக்டரில் குண்டு அசைந்தது, ஆனால் தயங்கித் தயங்கி. பேத்தியின் இருக்கை இருந்த இடது பின்பக்கத்தில் அசையவே இல்லை.

ஆளில்லாத திடலில் நடைவேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி, பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டைத் தளர்வாகப் பிடித்திருக்க, பிரேக்கை அழுத்தினால் குண்டு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். ரோட்வொர்த்தி நிலையத்தில் பெல்ட் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, போல்ட் இறுக்கமா, பக்கிள் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள், பக்கிளைப் பிரித்தா பார்க்கிறார்கள்? அதுவும் இந்த நாட்டில் சொந்தக் காருக்கு ரோட்வொர்த்தி கைமாறும்போது மட்டும்தான் தேவை, வருடா வருடம் கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் டிஸ்க் புதுப்பிக்கக் காரைக் கண்ணால்கூடக் காட்ட வேண்டாம். பத்து வருடம் ஒருவரிடமே இருந்த காரின் பெல்ட்டை அந்தப் பத்து வருடமும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

விற்றவர் சொன்ன நான்கு பதில்

முதல் பதில் எதிர்பார்த்ததுதான், பெல்ட் சரியாகப் போடவில்லை. கேட்க லேசாக இருந்தாலும் இது லேசான குற்றச்சாட்டு இல்லை. பெல்ட் போடாதவருக்கு நஷ்டஈட்டைக் குறைக்க 1956ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுப் பங்கீட்டுச் சட்டத்தின்படி நீதிமன்றங்களுக்கு வழியிருக்கிறது, ஆகவே இந்த ஒரு வரியை எழுத்தில் மறுக்காமல் விட்டால் அது பின்னால் வந்து குத்தும். வீடியோவை அனுப்பினோம்.

இரண்டாவது பதில், கடலோரத்தில் இருக்கிறீர்கள், மணல் போயிருக்கும், இது உபயோகித்ததால் வந்த அழுக்கு. இதைப் படித்ததும் எனக்குப் பெல்ட் செய்யும் ஜப்பானியக் கம்பெனி டகாட்டா ஞாபகம்தான் வந்தது. 1995இல் அமெரிக்காவில் டகாட்டா செய்த பக்கிள்களுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, அநேகமாக எல்லாம் 1986க்கும் 1991க்கும் இடையில் வந்த ஜப்பானியக் கார்கள். சிவப்புப் பட்டனின் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து நொறுங்கி, அந்தத் துணுக்குகள் உள்ளே விழுந்து தாழ்ப்பாளைத் தடுத்தன. அப்போதும் பழி கார்க்காரர்கள் மேல்தான் முதலில் போனது: சாப்பாட்டுத் துணுக்கைக் கொட்டுகிறார்கள், பானத்தைச் சிந்துகிறார்கள், நாய் முடி விழுகிறது என்றார்கள். அதே டகாட்டா பின்னாளில் ஏர்பேக் விவகாரத்தில் 2017இல் திவாலானது வேறு கதை. அக்காவின் கேஸில் மணலா வண்டலா என்ற விவாதத்துக்கே நாங்கள் போகவில்லை. அக்கா காரை வைத்திருந்தது நாலு மாதம், பட்டையின் சுருளுக்குள்ளும் தூணின் மூடிக்குள்ளும் ஒரே உயரத்தில் நேர்கோடாக அழுக்கு ஏறுவதற்கு நாலு மாதக் கடற்கரைக் காற்று போதுமா என்று ஒரே கேள்வி கேட்டு, போட்டோவில் டேப் வைத்து அளந்து அனுப்பினோம்.

மூன்றாவது, ரோட்வொர்த்தி பாஸ் ஆகியிருக்கிறது. ஆகியிருக்கிறது, சரி; அந்தச் சோதனையில் இதைப் பார்ப்பதில்லை என்று எழுதினோம், அவ்வளவுதான்.

நான்காவது, 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீர்கள்? இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன் என்ற இந்த வரியைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை உங்களுக்கு விற்றால் அந்த வரி செல்லும், வியாபாரமாகவே கார் விற்கிறவருக்குச் செல்லாது. 2008இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011இலிருந்து நடைமுறையில் இருப்பது, அதன் 55ஆம் பிரிவு நல்ல தரமான, பாதுகாப்பான பொருள் கிடைக்கும் உரிமையைத் தருகிறது, 56ஆம் பிரிவு வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கியவர் கையில் கொடுக்கிறது. இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, தெரிந்தே வாங்கினால் மட்டும் விலக்கு. 'வெள்ளத்தில் மூழ்கிய கார்' என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. இதெல்லாம் போக 61ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாத பொருளால் அடிபட்டால் அலட்சியம் இருந்ததா என்று நிரூபிக்காமலே நஷ்டஈடு கேட்க வழி விடுகிறது, விற்றவரும் அதில் அடக்கம்.

ஆறு மாதம் என்ற கெடு இந்த வகைக் கேஸ்களில் உயிர்நாடி. பலர் போனில் பேசிப் பேசி, "மேனேஜர் லீவு", "பார்ட்ஸ் வரணும்" என்ற பதில்களிலேயே ஐந்தாவது மாதத்தையும் ஆறாவது மாதத்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஈமெயில், அதில் குறை என்ன, எப்போது தெரிந்தது, எனக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால், ஆறு மாதத்துக்குள் சொன்னோம் என்பதற்கு அந்தத் தேதி சாட்சியாக நிற்கும். அக்கா கேட்டது பணம். விற்றவர் புதுப் பக்கிள் ஒன்று மாற்றித் தருகிறேன் என்றார். மற்ற பெல்ட்களும் ரிட்ராக்டர்களும் மஞ்சள் கனெக்டர்களும் என்னாவது? மூழ்கிய காரில் பக்கிளை மட்டும் மாற்றுவது கண்துடைப்பு.

பதிலுக்குப் பதில் எழுதி நகராமல் நின்றதும் மியோசாவுக்குப் போனோம், அதாவது மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளர். முதலில் விற்றவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பதில் சொல்ல அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும், அதன் பிறகே அங்கே எடுப்பார்கள். எங்கள் கோப்பில் அக்காவின் வாக்குமூலம், வீடியோ, பிரிக்க அழைத்த ஈமெயில், வொர்க்‌ஷாப் அறிக்கை, எக்ஸ்ரே, டேப் வைத்த போட்டோக்கள். உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரி இல்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், பேத்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். குழந்தை இருக்கையைப் பிடித்திருந்த பெல்ட்டின் ரிட்ராக்டரில் குண்டு அசையவில்லை என்ற ஒரு வரியே அந்த இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

ஒரு காரா, ஒரு மாடலா

புகார் கொடுக்கும் முன் தெளிவாக வேண்டிய விஷயம் இது. அக்காவின் கோளாறு அந்த ஒரு காருக்கு நேர்ந்தது. மாடலுக்கே உரிய கோளாறாக இருந்திருந்தால் பாதை வேறு, அதற்கு நுகர்வோர் ஆணையமும், 60ஆம் பிரிவின்படி திரும்பப் பெறுதலும் இருக்கின்றன.

இதற்கு நல்ல உதாரணம் 2018இல் வந்த புது ஃபோக்ஸ்வாகன் போலோ. அந்தக் காரை நம் ஈஸ்டர்ன் கேப்பில் கரியேகாவிலும் செய்கிறார்கள், இந்த நாட்டில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒன்று கண்ணில் படும். பின்லாந்தில் ஒரு கார்ப் பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வேகமாகத் தடம் மாறிச் சோதித்தபோது பின்சீட்டு இடது பெல்ட் தானாகக் கழன்றது. நடுவில் இருப்பவரின் பக்கிள் சாய்ந்து இடதுபக்கப் பட்டனை அமுக்கிவிடுகிறது. ஒரே தளத்தில் கட்டிய சீயாட் இபிசாவிலும் அரோனாவிலும் அதே கதை. சரிசெய்யும்வரை நடுசீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லி, பக்கிளைப் பிடிக்கும் பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். நாலு பேர் மட்டும் போகிற குடும்பத்துக்கு இந்தக் குறை ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. 2016இல் டொயோட்டா உலகம் முழுக்க 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை, பெரும்பாலும் ராவ்4, திரும்ப அழைத்ததும் இப்படித்தான்: பெரிய மோதலில் பின்சீட்டின் இரும்புச் சட்டத்து விளிம்பு பெல்ட்டையே அறுத்துவிடலாம் என்பது தெரியவந்து, சட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டார்கள். இந்தியாவில் 2022 டிசம்பரில் மாருதி சுசுகி 9,125 கார்களை அழைத்தது தோள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்துக்காக, அத்தனையும் அதற்கு முந்தைய நவம்பரில் செய்தவை.

புகார்கள் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஃபோர்டு குகா கார் இருக்கிறது. பெல்ட் விவகாரம் இல்லை, தீ. 2015 டிசம்பரில் வைல்டர்னஸ் என்ற ஊரில் ஒருவர் காருக்குள்ளேயே இறந்தார், அதற்குப் பிறகும் வண்டிகள் எரிந்துகொண்டே இருந்தன, கார்க்காரர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து எண்ணிக்கை சேர்த்தார்கள். 2017 ஜனவரியில் 1.6 எஞ்சின் போட்ட 4,556 குகாக்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தனித்தனியாக இருந்தவரை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சமாதானம் கிடைத்துக்கொண்டிருந்தது.

இங்கே டாக்ஸி என்று ஓடும் மினிபஸ்களின் கதை இரண்டு வகையிலும் சேராதது. சரக்கு வேனாக வந்த டொயோட்டா குவாண்டம்களை வெளியாட்கள் ஜன்னல் வெட்டி, சீட் பற்றவைத்து, பெல்ட்டைத் தகரத்தில் போல்ட் போட்டுப் பயணிகள் வண்டியாக்கினார்கள். பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆள் எடையைப் போல் பல மடங்கு இழுக்கும் நேரத்தில் அது பிடித்திருக்கும் தரை கிழிந்தால் பெல்ட்டோடு சீட்டும் சேர்ந்து போகும். அரசு அமைப்புகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் அலுவலகம் வரை அந்த விவகாரம் போனது. ஆண்டுக்கு 12,000 பேர் அளவுக்குச் சாலையில் சாகும் நாட்டில் அந்த மாதிரி டாக்ஸிகளில் தினமும் ஏறி இறங்கும் ஜனங்கள் யாரிடம் போய்ப் பெல்ட் புகார் கொடுப்பார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

முடிவு

மியோசாவிலிருந்து கோப்பு விற்றவருக்குப் போய், பதில் கேட்டுக் கடிதம் வந்ததும் அவர்கள் தொனி மாறியது. தீர்ப்பு வரை போகவில்லை. காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஓடிய தூரத்துக்கு ஒரு தொகையைக் கழித்து மீதியைக் கொடுத்தார்கள். கழித்தது கொஞ்சம் அதிகம் என்பது என் கணக்கு, ஆனால் அக்காவுக்கு இழுத்தடிக்க மனமில்லை. எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு பத்தி, பெயர்களை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு பத்தி. நான் பெயர் சொல்லாததற்கு இரண்டாவது காரணம் அதுதான். நெஞ்சில் அடிபட்டதற்கு அக்கா தனியாக எதுவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வரி சேர்க்கப் பார்த்தோம்: இந்தக் காரை வெள்ளத்தில் மூழ்கியது என்று எழுதிக் கொடுக்காமல் மறுபடி யாருக்கும் விற்கக்கூடாது. அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கும் இதை யாரோ விற்றுத்தான் வந்திருக்கும், அவர்களும் ஏமாந்திருக்கலாம் என்று மேனேஜர் சொன்னார், இருக்கலாம், ஆனால் இப்போது தெரியும் அல்லவா? வொர்க்‌ஷாப் அறிக்கையோடும் விஐஎன் எண்ணோடும் நுகர்வோர் ஆணையத்துக்கும் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கும் தனியாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம், ஒப்பந்தம் அதைத் தடுக்கவில்லை. பத்திரத்தில் அந்த வண்டி இன்னும் கோட் 2தான்.

அக்கா இப்போது வேறு கார் வாங்கியிருக்கிறார். வாங்கப் போன இடத்தில் பானெட்டைத் திறக்கும் முன்பே நாலு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துத் தரையில் போட்டுப் பார்த்தாராம். விற்பனைப் பையன் என்ன ஆன்ட்டி பண்றீங்க என்று கேட்டதற்கு, "நீயும் வந்து ஒரு முனையைப் பிடிப்பா" என்றிருக்கிறார்.